காவிரி டெல்டாவில் காட்டுயிர் வணிகம்: ஆராயப் புறப்படுபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டுயிர் வணிகம் என்றதும் பலருக்கு யானைத் தந்தமும் புலித்தோலும்தான் நினைவுக்கு வரும். டெல்டாவில் விலை போகும் சரக்கு வேறு. சம்பா வயலில் இறங்கும் மடையான், கொக்கு. ஏரியில் தங்கும் சிறகி, கிளுவை போன்ற காட்டு வாத்துகள். பாக் நீரிணையில் கிடைக்கும் கடல் அட்டை, கடல் குதிரை. கூண்டில் அடைபடும் பச்சைக்கிளி, சட்டிக்குப் போகும் உடும்பு, வாஸ்து என்று சொல்லித் தொட்டியில் விடப்படும் ஆமை. திருச்சி விமான நிலையத்தில் அவ்வப்போது பிடிபடும் நட்சத்திர ஆமைகளையும் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும்.

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள், மாவட்டச் செய்தியாளர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் வாதம் ஒன்றுதான்: ஆராய்ச்சியை விலங்கிலிருந்து தொடங்காதீர்கள், அதைப் பிடிக்கும் வீட்டின் ஓராண்டு வரவு செலவிலிருந்து தொடங்குங்கள். எந்த மாதம் கூலி இல்லை, எந்த மாதம் வட்டி கட்ட வேண்டும், எந்த மாதம் படகு கரையில் நிற்கிறது என்பது தெரிந்துவிட்டால் கண்ணி எப்போது வைக்கப்படுகிறது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். பறிமுதல் செய்திகளை மட்டும் தொகுத்தால் காவல் எங்கே நடக்கிறது என்பது தெரியும். வணிகம் எங்கே நடக்கிறது என்பது அதில் தெரியாது.

1. கேள்வியைக் கையடக்கமாக்குங்கள்

"டெல்டாவில் காட்டுயிர் வணிகம்" என்பது வெறும் தலைப்பு. அது கேள்வியாக மாற நான்கு விஷயங்கள் வேண்டும்: எந்த உயிரினம், எந்த இடம், எந்தக் காலம், யாருடைய பிழைப்பு. "வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளைச் சுற்றியுள்ள ஊர்களில் ஐப்பசி முதல் மாசி வரை நீர்ப்பறவை பிடித்து விற்பது ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தின் வருமானத்தில் எவ்வளவு பங்கு?" இப்படிக் கேட்டால் வேலை ஓடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தடுமாறினால், டெல்டா வணிகத்தின் வகைகளை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வயல் பறவை வணிகம் உள்ளூருக்குள்ளேயே முடிந்துவிடும். பிடிப்பவருக்கும் தின்பவருக்கும் இடையே ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். பணம் குறைவு, ஆட்கள் அதிகம். கடல் அட்டை, கடல் குதிரை வணிகம் இதற்கு நேர்மாறு. பிடிப்பவர் நாகையிலோ வேதாரண்யத்திலோ இருப்பார், வாங்கித் தின்பவர் கிழக்காசியாவில் இருப்பார், நடுவே முன்பணம் கொடுத்த ஏவாரி (வியாபாரி), பதப்படுத்துபவர், படகில் கடத்துபவர் என்று பல கைகள். மூன்றாவது, உயிரோடு விற்கப்படும் கிளி, முனியாக் குருவி, ஆமை. இதில் டெல்டா கிராமம் பிடிக்கும் இடம், திருச்சியும் சென்னையும் விற்கும் இடம்.

நான்காவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாதி வணிகம், பாதி மோசடி. மண்ணுளிப் பாம்பை இரட்டைத்தலைப் பாம்பு என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசுவது, நரிக்கொம்பு என்று எதையோ தாயத்தில் கட்டி விற்பது, திமிங்கல எச்சமான அம்பர்கிரிஸைத் தூக்கிக்கொண்டு வாங்குபவரைத் தேடி அலைவது எல்லாம் இந்த ரகம். செய்தியில் வரும் கோடிக் கணக்கு பெரும்பாலும் தரகர் வாயில் வந்த விலை. அதை அப்படியே உங்கள் அட்டவணையில் ஏற்றினால் முழு ஆய்வும் கெட்டுவிடும். இந்த வகையை எடுப்பவர் உயிரியலோடு மோசடியின் சமூகவியலையும் படிக்க வேண்டியிருக்கும்.

தாவரங்களை மறந்துவிடாதீர்கள். கோடியக்கரைக் காட்டின் பாலாப்பழம் சீசனில் வேதாரண்யம் பக்கம் கூறு கட்டி விற்கப்படும். மூலிகைகளும் அப்படித்தான். சரணாலயத்துக்குள் சேகரிப்பது சட்டப்படி தடை, ஆனால் பறிப்பவர்களின் தலைமுறைப் பழக்கம் சரணாலய அறிவிப்பைவிடப் பழையது. கோடியக்கரை சரணாலயமானது 1967ல்தான்.

2. சட்டத்தைப் படியுங்கள், புதிய அட்டவணையோடு

அடிப்படை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதில் 2022ல் பெரிய திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. முன்பு ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காகின. முதல் இரண்டில் விலங்குகள், மூன்றாவதில் தாவரங்கள், நான்காவதில், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்கள். எலி, காகம் போன்றவை இருந்த பழைய ஐந்தாம் அட்டவணை போய்விட்டது. பல உயிரினங்களின் இடம் மாறியிருப்பதால் பழைய கட்டுரைகளில் உள்ள அட்டவணை எண்ணை எடுத்தாளாதீர்கள். ஒவ்வொரு பெயரையும் அறிவியல் பெயரோடு புதிய அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணி வைப்பது, உயிரோடு பிடிப்பது, பிடிக்க முயல்வது, முட்டையை எடுப்பது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 50 ரூபாய்க்கு விற்கும் ஒரு சாமானியர் எவ்வளவு பெரிய ஆபத்தைத் தலையில் வைத்துக்கொண்டு உங்களிடம் பேசுகிறார் என்பதை இந்த எண் சொல்லும்.

உங்களுக்கும் இது பொருந்தும். மாதிரிக்காக ஒரு ஜோடி பறவை வாங்கினேன், டி.என்.ஏ. சோதனைக்காக ஒரு காய்ந்த அட்டை எடுத்து வந்தேன் என்றால் நீங்களும் குற்றவாளிதான். ஆராய்ச்சியாளர் வாங்கினாலும் அதுவும் ஒரு கிராக்கிதான். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

சர்வதேசப் பக்கத்தில் சைட்டிஸ். இந்தியா 1976ல் சேர்ந்தது. கடல் குதிரைகள் அதன் இரண்டாம் பட்டியலில் 2004 முதல் இருக்கின்றன. நட்சத்திர ஆமை 2019ல் முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. சுறா பற்றி ஆராய்பவர்கள், 2015ல் இந்தியா சுறாத் துடுப்பு ஏற்றுமதியையே நிறுத்தியதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பாதுகாக்கப்பட்ட இனங்கள் தவிர்த்த சுறாவைப் பிடித்து உள்ளூரில் கறியாக விற்கலாம், துடுப்பை மட்டும் அனுப்ப முடியாது. நாகையில் ஒரே மீன் பாதி சட்டத்துக்குள்ளும் பாதி வெளியேயும் நிற்பது இப்படித்தான்.

3. அனுமதியும் நெறியும்

கோடியக்கரை, வடுவூர் போன்ற சரணாலயங்களுக்குள் வேலை என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். மாவட்ட வன அலுவலரைப் பார்த்துத் திட்டத்தை விளக்கிவிடுவது நல்லது. ஆனால் ஒன்றை முதலிலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: நீங்கள் உளவுத் தகவல் தரப் போவதில்லை. வனக்காப்பாளரின் வண்டியில் ஏறி ஒரு குடியிருப்புக்குள் போய் இறங்கினால் அன்றோடு அந்த ஊரில் உங்கள் ஆராய்ச்சி முடிந்தது.

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் அங்கே வேறு வனத்துறை, வேறு அனுமதி. இதை மறந்துவிட்டு நாகை அனுமதியோடு எல்லை தாண்டுபவர்கள் உண்டு.

அப்புறம், நெறிமுறைக் குழுக்கள் கேட்கும் ஒப்புதல் படிவம். கையெழுத்து வாங்கச் சொல்வார்கள். சட்டவிரோதச் செயலைப் பற்றிப் பேசுபவரிடம் கையெழுத்து வாங்குவது அவருக்கு எதிராக நாமே சாட்சி தயாரிப்பது. வாய்மொழி ஒப்புதல் போதும் என்று குழுவிடம் வாதாடி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியாளர் என்பதற்காக உங்கள் குறிப்பேட்டைக் கைப்பற்றக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அதனால் பெயர், தொலைபேசி எண், வீட்டு அடையாளம் எதையும் எழுதாமல் இருப்பதே ஒரே பாதுகாப்பு. ஊருக்கும் குறியீடு போடுங்கள். செல்பேசிப் படத்தில் இடக்குறிப்பு பதியாதபடி முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

4. பிழைப்பு நாட்காட்டி

இந்தப் படிக்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்கினாலும் தகும்.

ஒரு பெரிய தாளை எடுத்துப் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஆங்கில மாதத்தோடு தமிழ் மாதத்தையும் எழுதுங்கள். ஊரில் "அக்டோபர் இரண்டாம் வாரம்" என்று கேட்டால் யோசிப்பார்கள், "தீபாவளிக்கு முன்னாலயா பின்னாலயா" என்றால் உடனே சொல்வார்கள். முதல் வரிசையில் தண்ணீர்: மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாள், வடகிழக்குப் பருவமழை. இரண்டாவதில் பயிர்: குறுவை, சம்பா, தாளடி, அதன் பிறகு உளுந்து, பயறு. மூன்றாவதில் கூலி நாட்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக. நான்காவதில் கடல்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், புயல் நாட்கள். ஐந்தாவதில் செலவு: பள்ளி திறப்பு, ஆடி, தீபாவளி, பொங்கல், சுயஉதவிக் குழுத் தவணை. கடைசி வரிசையில்தான் உயிரினங்கள்: வலசைப் பறவை வரும் மாதம், பங்குனி ஆமை கரையேறும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம், வயலில் எலியும் உடும்பும் கண்ணில் படும் பருவம்.

இந்தக் கட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது சில கேள்விகள் தாமாக எழும். அறுவடை இயந்திரம் வந்தபிறகு தை மாதக் கூலி குறைந்த ஊர்களில் அந்த மாதம் பறவை பிடிப்பது கூடியதா? உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலம் முழுக்க வேலை இல்லையே, அவர் வீட்டில் அடுப்பு எதை வைத்து எரிகிறது? 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பகுதிகளில் தென்னையை வேரோடு சாய்த்தது. தென்னந்தோப்புக் கூலியை நம்பியிருந்த குடும்பங்கள் அடுத்து எங்கே போயின? நினைவை மீட்க கஜா நல்ல மைல்கல். "புயலுக்கு முன்னால எப்படி, பின்னால எப்படி" என்று கேட்டால் பதில் துல்லியமாக வரும்.

நாட்காட்டியைத் தனியாளிடம் கேட்டு நிரப்பாதீர்கள். பெண்கள் குழு ஒன்று, இளைஞர்கள் குழு ஒன்று, வயதானவர்கள் குழு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். கடன் வரிசையைப் பெண்கள் நிரப்பினால்தான் உண்மை வரும்.

இந்தக் கட்டத்தில் காட்டுயிர் பற்றி ஒரு கேள்விகூட நேரடியாகக் கேட்க வேண்டாம். அதுவாக வந்தால் வரட்டும்.

5. ஏட்டுத் தரவுகள்

வழக்குப் பதிவுகள் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு மாவட்ட வன அலுவலகத்துக்கும் தனித்தனியாக மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். பெயர் விவரம் கேட்காதீர்கள். தேதி, இடம், உயிரினம், அளவு, வழக்கின் நிலை போதும். அவற்றோடு சுங்கத்துறையின் திருச்சி விமான நிலைய அறிவிப்புகள், நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள், நீதிமன்ற இணையப் பதிவுகள். அகில இந்திய அளவில் 2007ல் அமைந்த வனவிலங்கு குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் இருக்கிறது, அதன் மண்டல அலுவலகம் சென்னையில். சைட்டிஸ் வணிகத் தரவுத்தளம் 1975 முதலான பதிவுகளோடு இலவசமாகக் கிடைக்கிறது.

ஆண்டுவாரியாக மாவட்டங்களை ஒப்பிடும்போது எல்லை மாற்றத்தைக் கவனியுங்கள். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991ல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997ல் திருவாரூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. 2021ல் நாகையில் வழக்கு குறைந்ததாகத் தெரிந்தால், குற்றம் குறைந்ததா, சீர்காழியும் தரங்கம்பாடியும் வேறு மாவட்டத்துக்குப் போனதா என்று பார்க்க வேண்டும்.

அளவுகளிலும் குழப்பம் நிறைய. கடல் அட்டையைச் சிலர் எண்ணிக்கையில் எழுதுவார்கள், சிலர் கிலோவில். பச்சையா, அவித்ததா, காய்ந்ததா என்று குறிப்பதே இல்லை. காய்ந்தபின் பச்சை எடையில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். எனவே "100 கிலோ" என்பது கடலிலிருந்து 100 கிலோ எடுத்ததாகவும் இருக்கலாம், ஒரு டன்னுக்கு மேல் எடுத்ததாகவும் இருக்கலாம். நிலை தெரியாத பதிவுகளைத் தனிப் பத்தியில் வையுங்கள், மொத்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள்.

6. களத்தில் கேட்பது எப்படி

யாரிடம் முதலில் போவது? பெரும்பாலானவர்கள் நரிக்குறவர் குடியிருப்புக்கோ இருளர் குடியிருப்புக்கோ போய் நிற்பார்கள். கண்ணுக்குத் தெரிபவர்கள் அவர்கள், அவ்வளவுதான். ஒரு சமூகத்தின் பெயரே வேட்டையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் வழக்கும் அவர்கள்மேல்தான் எளிதில் விழுகிறது. வார இறுதியில் காரில் வந்து துப்பாக்கியால் சுடுபவர், முன்பணம் கொடுத்துச் சரக்கெடுக்கும் ஏவாரி, "ஸ்பெஷல் கறி" என்று தெரிந்தவருக்கு மட்டும் பரிமாறும் உணவகம் ஆகியோர் ஆய்வுகளில் அதிகம் தென்படுவதில்லை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டதே 2023 தொடக்கத்தில்தான். உங்கள் மாதிரி எடுப்பு சமூகத்தின் அடிப்படையில் இருக்கக் கூடாது. ஊரின் எல்லா வீடுகளிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுங்கள்.

அடுத்து, நேரடிக் கேள்வி. "நீங்க கொக்கு பிடிக்கிறீங்களா?" என்றால் "ச்சே, அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். இதற்கென்றே புள்ளியியலில் வழிகள் உண்டு. ஒன்று 1965லேயே முன்வைக்கப்பட்ட தற்செயல் பதில் முறை. அதில் களத்துக்கு ஏற்ற ஒரு வடிவம் இது:

பதில் சொல்பவர் கையில் ஒரு லூடோ கட்டையைக் கொடுங்கள். நீங்கள் பார்க்காமல் அவர் உருட்டட்டும். 1 விழுந்தால் உண்மை எதுவானாலும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். 6 விழுந்தால் "இல்லை". 2 முதல் 5 வரை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். கேள்வி: "போன அறுவடைக்கு அப்புறம் வீட்டில் யாராவது காட்டுப் பறவை பிடித்து விற்றார்களா?" ஒருவர் "ஆமாம்" என்றால் அது கட்டையின் ஆமாமா, அவருடைய ஆமாமா என்று உங்களுக்கும் தெரியாது, நீதிமன்றத்துக்கும் தெரியாது. ஆனால் மொத்தமாகக் கணக்குப் போட முடியும். கற்பனைக்கு, 200 பேரில் 70 பேர் ஆமாம் என்கிறார்கள் என்று வையுங்கள். அது 35 சதவீதம். இதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 16.7 சதவீதம், கட்டை சொல்லவைத்த ஆமாம். மீதி 18.3ஐ ஆறில் நான்கால் வகுத்தால் 27.5 சதவீதம். இதற்கு விலையும் உண்டு: இந்த மதிப்பீட்டின் பிழை எல்லை சுமார் 10 சதவீதப் புள்ளி இருபுறமும் வரும். நேரடிக் கேள்வியில் எல்லோரும் உண்மை சொன்னால் அது 6 அளவில்தான் இருக்கும். எனவே அதிகப் பேரைக் கேட்க வேண்டும், 200 போதாது.

தாயக்கட்டை ஊருக்குப் பழக்கமானது, அதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். கைவேலை செய்த பித்தளைக் கட்டையில் எல்லாப் பக்கமும் சமமாக விழும் என்ற உறுதி இல்லை. பல நூறு முறை உருட்டிப் பார்த்து வாய்ப்பைக் கணக்கிட்ட பிறகு தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கட்டை உருட்டுவதைச் சூதாட்டம் என்று கருதும் வீடுகளில் இரண்டாவது வழி. ஊரைக் குலுக்கலில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு நான்கு பொருள் கொண்ட பட்டியல்: ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி, கருவாடு, விரால். மறுபாதிக்கு அதே நான்கோடு மடையானும் சேர்ந்து ஐந்து. "போன மாதம் இதில் எத்தனை வகை சாப்பிட்டீர்கள்? எவை என்று சொல்ல வேண்டாம், எண் மட்டும்." முதல் குழுவின் சராசரி 2.1, இரண்டாவதன் சராசரி 2.3 என்றால் சுமார் 20 சதவீதம் பேர் மடையான் சாப்பிட்டிருக்கிறார்கள். பட்டியலில் எல்லோரும் சாப்பிடும் பொருள்களாக அடுக்கிவிடாதீர்கள். எண் ஐந்தாகிவிட்டால் ரகசியம் போய்விடும்.

அளவைவிட ஏன், எப்படி என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இந்த முறைகள் தேவையில்லை. சில மாதம் ஊரில் இருந்து, பெட்டிக்கடையில் டீ குடித்து, பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதே மேல். ஆனால் வாங்குபவர்போல் நடித்துப் பேரம் பேசாதீர்கள். அது செய்தியாளருக்கே சிக்கல், மாணவருக்குச் சுத்தமாக ஆகாது. வாட்ஸ்அப் குழுக்களில் பொய்ப் பெயரில் நுழைவதும் அதே ரகம்தான்.

7. விலையைப் பின்தொடருங்கள்

ஒவ்வொரு கையிலும் என்ன விலை, யார் ஆபத்தைச் சுமக்கிறார், யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார் என்ற மூன்றையும் சேர்த்து வரைந்தால்தான் வணிகச் சங்கிலி புரியும். கடற்கரையில் மூன்றாவதுதான் முக்கியம். வலைக்கும் இயந்திரத்துக்கும் முன்பணம் வாங்கியவர் பிடிப்பதை அதே ஏவாரியிடம்தான் போட வேண்டும். வலையில் கடல் குதிரை சிக்கினால் கடலில் விடலாம் என்று அவருக்கே தோன்றினாலும், காய வைத்துக் கொடுத்தால் கடனில் கொஞ்சம் கழியும். விழிப்புணர்வுக் கூட்டம் போட்டு இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

பறவைச் சந்தையில் இன்னொரு சிக்கல். ஜப்பானியக் காடை பண்ணையில் வளர்ப்பது, விற்பதும் எளிது. அதன் பக்கத்திலேயே காட்டுக் காடையும் கௌதாரியும் "பண்ணைக் காடை" என்ற பெயரில் போகும். உரித்துவிட்டால் அடையாளம் காண்பது கடினம். கால், அலகு, தலை இருந்தால் முடியும். மடையானையும் சின்னக் கொக்கையும் காலின் நிறம், அலகின் நிறம் வைத்துப் பிரிக்கப் பழகிக்கொள்ளுங்கள். மன்னம்பந்தலில் உள்ள அ.வ.அ. கல்லூரியில் வன உயிரியல் துறை இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் சில நாள் பயிற்சி எடுத்த பிறகு சந்தைக்குப் போவது நல்லது. பிடித்த முறையையும் கேளுங்கள். பூச்சிமருந்து கலந்த நெல் வைத்துப் பிடித்த பறவை என்றால் அது தின்பவரின் உடல்நலப் பிரச்சினையும்கூட.

கடல் அட்டையின் விலைக்கு இலங்கையையும் பார்க்க வேண்டும். இங்கே 2001 முதல் எல்லா வகைக் கடல் அட்டையும் பிடிக்கத் தடை. அதற்கு முன் 1982ல் வந்த விதி, 75 மில்லிமீட்டருக்குக் குறைவான காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்பது மட்டும்தான். நீரிணையின் அந்தப் பக்கம் வட இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணையிலும் வளர்க்கிறார்கள். ஒரே கடல், இரண்டு சட்டம். வழக்குகளில் அடிக்கடி தெரியும் வழி, இங்கே பிடித்த சரக்கு படகில் அங்கே போய்ச் சட்டபூர்வச் சரக்கோடு கலப்பது. எனவே யாழ்ப்பாணத்து விலையும் உங்கள் அட்டவணையில் ஒரு பத்தி.

8. இயற்கைக்கு என்ன ஆகிறது?

வணிகம் இருக்கிறது, பறவை குறைகிறது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்து "ஆகவே" போடாதீர்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும், பறவை ஆர்வலர்கள் இணையத்தில் ஏற்றும் இ-பேர்டு பதிவுகளும் இருக்கின்றன. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. அந்தத் தரவில் சரிவு தெரிந்தால் ஏரியில் தண்ணீர் நின்ற நாட்கள், சீமைக் கருவேலம், பூச்சிமருந்து, வேதாரண்யம் சதுப்பில் உப்புத்தன்மை ஆகியவற்றையும் வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். பிடிப்பவர்களிடம் "எத்தனை கண்ணி, எத்தனை மணி நேரம், எத்தனை பறவை" என்று கேட்டு முயற்சிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்கிடுவது இதற்குக் கைகொடுக்கும்.

9. மாற்றுப் பிழைப்பு என்ற பேச்சை எடைபோட்டுப் பாருங்கள்

எல்லா அறிக்கையும் கடைசிப் பக்கத்தில் "மாற்று வாழ்வாதாரம் வழங்க வேண்டும்" என்று எழுதி முடியும். எது வேலை செய்தது, ஏன் என்று பாருங்கள்.

தமிழ்நாட்டின் சிறந்த உதாரணம் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர்கள் பிழைப்பை இழந்தார்கள். 1978ல் அவர்களுக்கென இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உரிமத்தோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். அதே திறமைக்கு, அதே மக்களிடம், நிலையாக வாங்கும் சந்தை இருந்ததால் அது நிலைத்தது. தையல் இயந்திரம் கொடுக்கும் திட்டங்களில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரில் 2022ல் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கான பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடும் மீனவர்களுக்குப் பரிசு தரும் முறையும் உண்டு. கிழிந்த வலையின் விலை என்ன, பரிசு கைக்கு வர எத்தனை நாள் ஆனது என்பவை சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் கரைகளில் கேட்க வேண்டிய கேள்விகள். ஆமைக்கும் இதே பார்வை பொருந்தும். ஆமை தப்பிக்கும் சாதனம் இல்லாத படகுகளின் காரணமாகக் கடலில் பிடித்த இந்திய இறாலை 2019ல் அமெரிக்கா வாங்க மறுத்தது. பங்குனி ஆமையை யாரும் விற்காமலேயே அது ஒரு ஏற்றுமதி வணிகத்தின் விலையைத் தீர்மானித்தது.

10. எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

களத்துக்குக் குறைந்தது ஒரு முழு ஆண்டு வேண்டும், தண்ணீர் திறக்கும் ஜூனில் தொடங்கி அடுத்த ஜூன் வரை. அறிக்கையில் ஊர்ப் பெயரைப் போடாதீர்கள், வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரியான விற்பனை இடம், குறிச்சொல், கடத்தும் பாதை ஆகியவை வெளியானால் புதிதாக வாங்குபவருக்கு அது வழிகாட்டிப் பலகை ஆகிவிடும். விலைப்பட்டியலையும் அப்படியே போடாமல் விகிதமாகப் போடுங்கள்: பிடித்தவருக்கு ஒரு ரூபாய் என்றால் கடைசிக் கையில் எத்தனை ரூபாய்.

வனத்துறைக்கு ஒரு சுருக்கம், மீன்வளத்துறைக்கு ஒன்று, ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதுங்கள். மக்கள் பல்லுயிர் பதிவேடு இருக்கும் ஊராட்சியில் உங்கள் பருவ நாட்காட்டி அப்படியே பயன்படும். அச்சுக்குப் போகும் முன், பேசிய ஊர்களில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "இதை எடுத்துடுங்க" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். ஊர்க் குறியீட்டுக்கும் ஊர்ப் பெயருக்கும் உள்ள சாவித்தாள் ஒரே ஒரு பிரதிதான் இருக்க வேண்டும், அதுவும் கணினியில் வேண்டாம், காகிதத்தில். ஆய்வேடு ஏற்கப்பட்ட அன்று அதைக் கிழித்து எரித்துவிடுங்கள்.